இரண்டாம் வயிற்றுக்கு அருகே இதயம்

மாட்டுக்கு நாலு வயிறு என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்த நாலில் இரண்டாவது எங்கே இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது உதரவிதானத்தை ஒட்டி, நன்றாக முன்பக்கம் தள்ளி இருக்கிறது. உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம். இடைவெளி சில சென்டிமீட்டர்தான். புல்லோடு சேர்த்து ஆணியையோ கம்பித் துண்டையோ மாடு விழுங்கிவிட்டால், கனமான அந்தப் பொருள் இந்த இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் அதன் உட்சுவரில் சிக்கிக்கொள்ளும். வயிறு சுருங்கச் சுருங்கக் கம்பி முன்னே நகரும். சுவரைக் குத்தி, உதரவிதானத்தைத் துளைத்து, கடைசியில் இதய உறையில் போய் நிற்கும்.

அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி எனக்குச் செவலையின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே விலங்கு நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் நாயைப் பிடித்துக்கொள்வது, கூண்டு கழுவுவது, டாக்டர் கேட்கும் மருந்தை ஊசியில் ஏற்றிக் கொடுப்பது. இரவில் உடற்கூறும் உடலியங்கியலும். கடைவீட்டு மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பேன். மாட்டைப் பக்கவாட்டில் வெட்டி வரைந்திருந்த படத்தில் இடப்பக்கம் முழுவதையும் முதல் வயிறே அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், முன்னங்கால் முழங்கைக்கு நேர் உள்ளே, இரண்டாம் வயிறு. அதற்கும் முன்னால் சிவப்பு மையில் இதயம். இரண்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். விரல் வைக்க இடமில்லை.

செவலை எங்கள் தாத்தாவின் மாடு. தாத்தாவும் பாட்டியும் ஜாசினுக்குப் பக்கத்தில், பெம்பான் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். விடியும் முன்பே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார்கள். அதற்குப் பிறகு மாடுதான் அவர்களுக்கு வேலையும் சந்தோஷமும். அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. அங்கிருந்து பார்த்தால், மேகம் இல்லாத நாளில், லேடாங் மலை நீலமாகத் தெரியும்.

மலாயாவில் ரப்பரை முதலில் தோட்டப் பயிராக்கிய மண் மலாக்கா மண்தான். தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் ஜாசின் மாவட்டத்து அசஹான் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெருக்கினார். அந்த மரங்களை வெட்ட வந்த நம் சனங்கள் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்வார்கள். மாடு வளர்க்கும் கையைக் கொண்டுவந்தார்கள். மாடுகளும் கப்பலில் வந்தன. இந்தியாவிலிருந்து வந்த அந்த மாடுகளின் வம்சத்தை மலேசியாவில் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று தனி வகையாகவே குறிக்கிறார்கள். எல்.ஐ.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாடத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்னும் மறக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் நின்ற மாட்டுக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது.

செவலை அந்த வம்சமாகத்தான் இருக்கவேண்டும். சிவந்த தோல், சின்னத் திமில், தொங்கும் அலைதாடி. ஒரு மழைக்காலத்தில் அவள் ஓடைக்குச் சரிவில் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஏறச் சொன்னால் ஏறுவாள், இறங்கச் சொன்னால் நிற்பாள். முதுகை வளைத்து, முன்னங்கால் முழங்கைகளை விலாவை விட்டு வெளியே தள்ளி நின்றாள். படுக்கும்போது முனகினாள். தாத்தா இஞ்சியும் மிளகும் இடித்துக் கொடுத்தார், வேப்பிலை அடித்தார், முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டார். சில நாளில் தாடைக்குக் கீழும் முன்மார்பிலும் தண்ணீர் கோத்து வீங்கியது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. பிறகு ஒரு காலையில் கொட்டகையில் எழுந்திருக்கவில்லை.

“என்னா நோவுன்னே தெரியலடா, வாயில்லா ஜீவன்,” என்று தாத்தா அப்பாவிடம் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்றும் கேட்கும்.

கிளினிக்கின் டாக்டரம்மா சீனர். பாடம் நடத்துவதற்குக் காலையில் பாசாருக்குப் போய் ஆட்டு இதயமும் நுரையீரலும் வாங்கிக்கொண்டு வருவார். மூச்சுக்குழலோடு சேர்ந்த நுரையீரலில் குழாய் செருகி ஊதச் சொன்னார். சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக எழுந்து தட்டை நிறைத்தது. வாயை எடுத்ததும் தானாகவே அடங்கியது. மூச்சை உள்ளே இழுக்கத்தான் தசை வேலை செய்யவேண்டும், அமைதியான மூச்சு வெளியே போக நுரையீரலின் சொந்த இழுவிசையே போதும் என்று அன்று கையால் தெரிந்துகொண்டேன். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டார், மிதந்தது. குட்டி செத்துப் பிறந்ததா, பிறந்து மூச்சு விட்டபின் செத்ததா என்று பார்க்க இதையே செய்வார்கள் என்றார்.

இதயத்தை நீளவாக்கில் பிளந்தபோது இடப்பக்கச் சுவர் வலப்பக்கச் சுவரைப்போல இரண்டு மூன்று மடங்கு தடித்திருந்தது. வலப்பக்கம் பக்கத்து வீடான நுரையீரலுக்குத்தான் இரத்தம் அனுப்புகிறது. இடப்பக்கம் கொம்பிலிருந்து குளம்பு வரைக்கும் அனுப்பவேண்டும். வால்வுகளைப் பிடித்திருக்கும் வெள்ளைக் கயிறுகளை ஊசி நுனியால் தூக்கிக் காட்டினார். இன்னொரு நாள் மாட்டு இதயம் வந்தது. பெருந்தமனி தொடங்கும் இடத்தில் அழுத்திப் பார் என்றார். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தால் எலும்பு. மாட்டின் இதயத்துக்குள் எலும்பு இருக்கிறது. பல காலம் மாட்டோடு வாழ்ந்த தாத்தாவுக்கு இதைச் சொல்ல ஆசையாக இருந்தது. அவர் அப்போது இல்லை.

ஆனால் இதைத் தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். முனியாண்டி கோயில் பூசைக்குக் கிடா வெட்டி உரித்துப் பங்கு போடுகிற பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாழையிலையில் வரிசையாக எடுத்து வைப்பார்: ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய், நெஞ்செலும்பு, குடல். பித்தப்பையை விரல் படாமல் நறுக்கி எறிவார், உடைந்தால் ஈரல் கசந்துவிடும். மூட்டில் கத்தி எங்கே நுழையும் என்று அவருக்குத் தெரியும், எலும்பில் ஒருமுறைகூடக் கத்தி முட்டாது. நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்போம். பிற்காலத்தில் மண்ணீரலைப் படத்தில் பார்த்ததும் ‘சுவரொட்டி’ என்றுதான் முதலில் மனம் சொல்லிற்று. முதல் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்பதையும் வாழையிலைக்கு வரும் முன்பே கண்டிருந்தேன். என் முதல் உடற்கூறு ஆசிரியர் அந்தப் பெரியவர்தான் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

டாக்டரம்மாவின் அலமாரியில் சிசன் எழுதிய தடித்த புத்தகம் இருந்தது. செப்டிமஸ் சிசன் 1910இல் முதன்முதலாக வெளியிட்டு, பிறகு பலர் திருத்தித் திருத்திப் பெருக்கிய வீட்டு விலங்கு உடற்கூறு நூல். குதிரையில் தொடங்கும். ஒரு எலும்புக்குப் பல பக்கம். டாக்டரம்மாவுக்கு அதை விட்டுப்போனவர் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்த மூத்த தமிழ் டாக்டர். 1903இல் தொடங்கிய அந்தச் சென்னைக் கல்லூரியிலும், பாகிஸ்தான், ஆஸ்திரேலியா என்று வேறு நாடுகளிலும் போய்ப் படித்து வந்தவர்கள்தான், 1970களில் செர்டாங்கில் கால்நடை மருத்துவப் படிப்பு வரும்வரை இங்கே மாடு பார்த்தார்கள். புத்தக ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்புகள் இருந்தன. ‘குதிரைக்குப் பித்தப்பை இல்லை’ என்று ஒரு பக்கத்தில். நான் அந்தக் கையெழுத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

எங்கள் படிப்புக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. தேவையில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. டாக்டர் அறுக்கிறார், நர்ஸ் பிடிக்கிறாள். பிடிப்பவளுக்கு உடம்பு தெரியாவிட்டால் பிடியே நோயாகிவிடும். கோழியை எடுத்துக்கொள்வோம். அதற்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல் விரிந்து சுருங்குவதும் இல்லை. உடம்புக்குள் பரவியிருக்கும் ஒன்பது காற்றுப் பைகள் காற்றை இழுத்து நுரையீரல் வழியாக ஒரே திசையில் தள்ளுகின்றன. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அந்தப் பைகள் நிறையும். பறவையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சு முட்டிச் சாகும். ஒரு கிளியை டாக்டரம்மா கையில் வாங்கிக் காட்டினார். கழுத்தை இரண்டு விரல் நடுவே விட்டு, இறக்கையை மட்டும் உள்ளங்கையில் அணைத்து, நெஞ்சுக்கு முன்னால் காலி இடம். அந்தக் காலி இடத்தில்தான் உயிர் ஓடுகிறது.

மாட்டுக்கு மருந்து புகட்டுவதும் அப்படியே. தாத்தா மூங்கில் குழாயில் கஷாயத்தை ஊற்றி, மாட்டின் தலையைத் தூக்கிப் புகட்டுவார். உணவுக்குழலும் மூச்சுக்குழலும் தொண்டையில் குறுக்காகக் கடக்கின்றன. தலையை ரொம்பத் தூக்கி நாக்கையும் இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது, மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தாத்தா தலையை மூக்கும் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும் அளவுக்குத்தான் தூக்குவார், மாடு விழுங்கும்வரை நிறுத்தி நிறுத்தி ஊற்றுவார். வயிறு ஊதிவிட்டால் எண்ணெய் கொடுப்பார். நுரைத்த ஊதலில் எண்ணெய் நுரையை உடைக்கும் என்று புத்தகமும் சொல்கிறது. ஊதலை எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இடது இடுப்புக்குழியில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். கைக்கு அடியில் முதல் வயிறு புரண்டு எழும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அது புரளவேண்டும் என்பது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி.

100 லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்த வயிற்றைப் பற்றிப் படித்ததெல்லாம் இன்றும் எனக்கு வியப்புதான். மாடு புல்லைச் செரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து புல்லைப் புளிக்க வைக்கின்றன. அதில் பிறக்கும் அமிலங்களை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது, மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி அதிலிருந்து வருகிறது. புளிப்பு மிஞ்சிப்போகாமல் இருக்க நாளுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் உமிழ்நீர் இறங்குகிறது. அசை போட்டால்தான் உமிழ்நீர் ஊறும். அசை போடாத மாட்டைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மாறிவிடும். காரணத்தைப் பாட்டி சொல்லியிருக்க முடியாது, ஆனால் அவர் பயந்தது சரியான விஷயத்துக்கு.

பாட்டி பால் கறப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கன்றை விடுவார். கன்று முட்டி முட்டிக் குடிக்கும். காம்பு நிமிர்ந்ததும் கன்றை இழுத்துத் தாய் நக்குகிற தூரத்தில் கட்டிவிட்டு, மடியைக் கழுவி, செம்பை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். அதற்குப் பிறகு பேசமாட்டார். யாராவது சத்தம் போட்டால் திட்டுவார், “மாடு பாலை அடக்கிக்கும், போங்க அந்தப் பக்கம்.” கன்று முட்டும் உணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போக, அங்கிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் இறங்க, மடியின் நுண்ணறைகளைச் சுற்றிய தசை சுருங்கிப் பால் காம்புக்கு வருகிறது. அந்த வேகம் சில நிமிடங்களே நிற்கும். பயந்தால் அட்ரினலின் வந்து அதைத் தடுத்துவிடும். பாட்டியின் அவசரமும் மௌனமும் இந்த ஒரு பத்திக்குள் அடங்கியிருந்தன. ஒரு லிட்டர் பால் சுரக்க 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியாக ஓடவேண்டும் என்பதை நான் ஊருக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அதான் கறந்த மாட்டுக்குத் தண்ணி காட்டாம படுக்கக் கூடாது,” என்றார்.

கால்நடை இலாகாக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் திரவ நைட்ரஜன் கலம், கழித்தல் 196 டிகிரிக் குளிரில் விந்துக் குழல்கள். தோளுக்கு மேல் வரும் நெகிழி உறையை மாட்டிக்கொண்டு இடது கையை மாட்டின் பின்வழியில் விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு தேடுவார். குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பை வாயைத் தொட்டுப் பிடித்து, வலது கையில் உள்ள மெல்லிய குழலை அதற்குள் நுழைப்பார். காலையில் மாடு கத்தியிருந்தால் மாலையில் வருவார், மாலையில் கத்தியிருந்தால் மறுநாள் காலை. 21 நாள் சுழற்சி, சூல் வெளிப்படும் நேரம், விந்து உயிரோடு இருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பாதிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிறந்த ஃப்ரீசியன் கலப்புக் கன்றுகளை நாங்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம்.

கிளினிக்கில் மாடு அபூர்வம். நாயும் பூனையும்தான். என்னோடு படித்த மலாய்த் தோழி பூனைக்கு முதலில் ஓடுவாள். நாயைத் தொடவேண்டிய நேரத்தில் கையுறை போட்டுக்கொண்டு தயங்காமல் பிடிப்பாள், வேலை முடிந்ததும் மண்ணும் தண்ணீரும் கொண்டு முறைப்படி சமாக் செய்துகொள்வாள். அவள் மதத்தையும் தொழிலையும் இரண்டு கையிலும் சமமாகப் பிடித்திருந்தாள். அவள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

நாயின் உடம்பை அவளோடுதான் கற்றேன். பின்தொடையின் உட்புறத்தில் நாடி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கவேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால், நலமான நாயின் இதயம் மூச்சை இழுக்கும்போது விரைந்தும் விடும்போது தணிந்தும் அடிக்கும். மனிதரில் இவ்வளவு தெளிவாகக் கேட்டால் டாக்டர் நின்று யோசிப்பார், நாயில் அது நல்ல அறிகுறி. முன்னங்காலில் மணிக்கட்டு எது, பின்னங்காலில் குதிகால் எது என்று தடவித் தடவிப் பழகினோம். நாம் ஆட்டின் முன்னங்கால் முட்டி என்று சொல்வது அதன் மணிக்கட்டு. ஆடு விரல் நுனியில், நகத்தின் மேல் நடக்கிறது. இதைப் படித்த பிறகு தெருவில் போகிற எந்த விலங்கைப் பார்த்தாலும் தோலுக்கு உள்ளே எலும்பு தெரிந்தது. அப்படியொரு காலம். சாப்பாட்டுத் தட்டில்கூட விடாது. நாசி லெமாக் கடையில் தோழிக்குப் பொரித்த மாட்டு நுரையீரல் வந்தால், அது எந்த மடல் என்று இருவரும் பேசிக்கொண்டே பசியாறுவோம்.

உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்கள் மலாக்கா வெயிலில் நிறைய வரும். ஈறு வெள்ளைத் துணி நிறத்தில் இருக்கும். தோட்டத்து நாய்களுக்கு யாரும் ஈறு பார்த்ததில்லை. “சோறு திங்கல, செத்துப்போச்சு” என்பதோடு அவற்றின் சரித்திரம் முடிந்துவிடும்.

நுரையீரல் பாடத்தின்போது டாக்டரம்மா நிப்பா வைரஸ் பரவிய காலத்தைச் சொன்னார். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் தொடங்கி, எங்களுக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கு வந்தது. பன்றிகள் ஊர் கேட்க உரக்க இருமின. முதலில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைக் கண்டுபிடித்தார். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பன்றிப் பண்ணைகளோடு தொடர்புடையவர்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியின் மூச்சிலிருந்து மனிதனுக்கும். “இருமுகிற விலங்குக்கு முன்னால் முகமூடி இல்லாமல் நிற்காதே. அதன் நுரையீரலும் உன் நுரையீரலும் அவ்வளவு வித்தியாசமில்லை,” என்றார். இதை அவர் கோபமாகச் சொன்னார். அவருக்கு அந்த வட்டாரத்தில் உறவினர்கள் இருந்தார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது எங்கள் பக்கத்து மாடுகளுக்கும் ஒரு முடிவாக இருந்தது. கன்று மரத்தை மாடு கடிக்கிறது என்று கொட்டகைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். லயம் காலியாகி, சனங்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். மாடுகளை விற்றார்கள். சிலர் ஆடு, செம்மறி என்று மாறினார்கள். செம்பனைக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது. மாட்டுக்கு அது நல்ல தீனி. செம்மறிக்கு அதையே முக்கியத் தீனியாகக் கொடுத்தால் விஷம். பிண்ணாக்கில் உள்ள செம்பைச் செம்மறியின் ஈரலால் பித்தத்தோடு போதுமான அளவு வெளியேற்ற முடியாது. மாதக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஈரல் உடைந்து செம்பு இரத்தத்தில் பாயும். இரத்த அணுக்கள் சிதைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஆடு விழும். மலேசிய ஆய்வாளர்கள் இதை நன்றாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரவில்லை. மாட்டுக்கும் செம்மறிக்கும் வயிறு ஒன்றுதான், ஈரல் வேறு. இதை யாராவது தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தீவனக் கடையில் ஒட்டியிருக்கலாம்.

படிப்பு முடியும் தறுவாயில் டாக்டரம்மாவோடு மெர்லிமாவ் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போனேன். கொட்டகை வாசலிலேயே எனக்குக் கை நடுங்கியது. வளைந்த முதுகு. வெளியே தள்ளிய முழங்கைகள். மாட்டுக்காரர், இரண்டு நாளாகச் சரிவில் இறங்க மறுக்கிறது என்றார். டாக்டரம்மா என்னைத்தான் முதலில் கேட்டார். நான் மாட்டின் திமிலுக்குப் பின்னால் தோலை இரண்டு கையாலும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தேன். நலமான மாடு முதுகைக் கீழே வளைத்து விலகும். இது அசையாமல் நின்று, தொண்டைக்குள் முனகியது. செவலை படுக்கும்போது வந்த அதே முனகல். கழுத்து நரம்பைத் தடவினேன், புடைக்கவில்லை. கம்பி இதயத்தை இன்னும் எட்டவில்லை என்று அதற்குப் பொருள்.

டாக்டரம்மா விரல் நீளத்துக்கு உருளையான ஒரு காந்தத்தை மருந்து புகட்டும் குழலில் வைத்து நாக்குக்குப் பின்னால் தள்ளினார். ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். முன்னங்கால்கள் உயரமாக நிற்கும்படி மேடு கட்டச் சொன்னார், வயிற்றுச் சுமை பின்னால் தள்ளிக் கம்பியை இழுக்கட்டும் என்று. மறுமுறை போனபோது ஒரு சின்னத் திசைகாட்டியை மாட்டின் முழங்கைக்குப் பின்னால் மார்பருகே கொண்டுபோனார். வடக்கு காட்டிக்கொண்டிருந்த முள் சுழன்று மாட்டின் பக்கம் திரும்பியது. காந்தம் இரண்டாம் வயிற்றில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்க அங்கேயே கிடந்து, வருகிற கம்பியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடு தீவனத் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் பால்மரத்துக் கோப்பையை மரத்தோடு பிடித்து நிறுத்தியதும் கம்பிதான். துருப்பிடித்து ஒடிந்த துண்டுகள் புல்லுக்குள் எங்கும் கிடக்கும். நாங்கள் அவற்றை வைத்து விளையாடியிருக்கிறோம். மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது. நாக்கால் புல்லைச் சுருட்டி இழுத்து மெல்லாமல் விழுங்கும், பிறகு சாவகாசமாக அசை போடும். உதட்டால் பொறுக்கித் தின்கிற ஆடு கம்பியை ஒதுக்கிவிடும், மாட்டால் முடியாது. செவலையை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. லயத்து ஓரத்தில் புதைத்து, தாத்தா அதன் மேல் ஒரு கொன்றைச் செடி நட்டார். ஆகவே நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நோய்க்கு வேறு பெயர் வைக்க என்னால் முடியவில்லை. தாத்தாவின் கையில் ஒரு காந்தம் இருந்திருந்தால் அவள் இன்னும் சில ஈற்று கண்டிருப்பாள்.

தாத்தா அறியாமையால் மாட்டை இழந்தார் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஒப்பமாட்டேன். சரிவில் இறங்காததையும் முழங்கை விலகியதையும் அவர்தான் முதல் நாளே பார்த்தார். பாடப்புத்தகத்தில் உள்ள அறிகுறிகளை ஒன்று விடாமல் அவர் கண் எழுதி வைத்திருந்தது. தோலுக்கு வெளியே தெரிவதெல்லாம் அவருக்குத் தெரியும். தோலுக்கு உள்ளே எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் அவர் பக்கத்தில் இல்லை. நாங்கள் படிக்கிற படிப்பு அந்த இடத்துக்குத்தான்.

இங்கிலாந்தில் 1961இல்தான் விலங்கு நர்ஸுகளுக்கு முறையான பயிற்சித் திட்டம் வந்தது. நர்ஸ் என்ற பெயரைக்கூட முதலில் தரவில்லை, ‘துணைப் பணியாளர்’ என்றே பதிவு செய்தார்கள். 1984இல்தான் அந்தப் பெயர் கிடைத்தது. நம் வீடுகளில் இன்னும் கிடைக்கவில்லை. மகள் நாய் பிடிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சம்பளம் குறைவு, கை கீறும், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் ஜாசின், மெர்லிமாவ், செலாண்டார் பக்கத்துப் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, விலங்கின் மேல் பிரியமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்பதுதான். மூன்று தலைமுறை மாட்டுக்கொட்டகையில் பழகிய கண் அந்தப் பிள்ளைக்கு இருக்கும். மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

மாடு வைத்திருப்பவர்கள் வேலி போட்டு முடித்ததும் நறுக்கிய கம்பியைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வீட்டில் நாயோ பூனையோ வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நலமாக இருந்தால் 30ஐத் தாண்டாது. கனவு கண்டு கால் உதைக்கும் நேரத்தை விட்டுவிட்டு, வேறு வேளையில் மறுபடியும் எண்ணுங்கள். தொடர்ந்து 30க்கு மேலேயே இருந்தால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம். விடியட்டும் என்று தள்ளிப்போடாமல், எண்ணியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.